முப்பதாவது நாள் அமைதி

இரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மருந்து வண்டியின் முன்சக்கரம் 'கிறீச்' என்றது. தலைமை நர்ஸ் சட்டென்று அதைப் பிடித்து நிறுத்தினார்.

இரண்டிலிருந்து மூன்று வரை வார்டில் அமைதி நேரம். அவருடைய முனைவர் பட்ட ஆய்வே அதுதான். சத்தம் குறைந்தால் நோயாளி சீக்கிரம் தேறுகிறாரா? சத்தத்தை அளக்க மேசை மேல் ஒரு பெட்டி. அளவு மீறினால் 'கீ கீ' என்று கத்தும். மூன்று மணிக்கு அன்றைய எண்ணைக் காட்டும். தன்னைப் பார்த்துப் பயந்து எல்லோரும் அடங்கிவிட்டால் ஆய்வு கெட்டுவிடுமே என்று, அந்த ஒரு மணி நேரம் அவர் வார்டுப் பக்கமே வருவதில்லை.

இன்று மட்டும் வந்திருந்தார். முப்பதாவது நாள், கடைசி நாள். நேரில் பார்த்துக் கையெழுத்துப் போட வழிகாட்டிப் பேராசிரியையும் வந்திருந்தார். நான்கு வருட உழைப்பு கரையேற வேண்டும்.

"இருபத்தொன்பது நாள் எண்ணும் பார்த்தேன். நூலகத்துலகூட இவ்வளவு கம்மியா வராதே! எப்படிம்மா?"

"ஆயாம்மாவுக்கு ஒரே ஒரு உத்தரவுதான் மேடம். ரெண்டு மணிக்கு மேல சத்தம் போடறது எதுவானாலும் வார்டுல இருக்கக் கூடாது!"

வார்டு ஆயா பூரிப்போடு தலையாட்டினார்.

மலச்சிக்கலுக்கு வைத்திருந்த பாரஃபின் எண்ணெயைச் சக்கரத்தில் கவிழ்த்தார் நர்ஸ். சக்கரம் வாயை மூடிக்கொண்டது. ஆனால் வண்டி தானாகவே புறப்பட்டுப் போய், ஏழாம் கட்டிலருகே அடுக்கியிருந்த எஃகுத் தட்டுகளில் மோதியது.

மணி சரியாக இரண்டு. பெட்டி 'கீ கீ' என்றது.

"யாருய்யா பிரேக் போடாம வந்தது?" கால்கட்டோடு எழுந்தார் ஏழாம் கட்டில் லாரி டிரைவர்.

"உஷ்ஷ்!"

"இடிச்சது நீங்க, உஷ்ஷு எனக்கா?"

"ஐயோ, சிரிக்க வைக்காதய்யா, தையல் பிரிஞ்சிடும்!" என்று எட்டாம் கட்டில் அலறியது.

நர்ஸ் அவசரமாக ஓர் அட்டையில் எழுதித் தூக்கிக் காட்டினார்.

"கண்ணாடி இல்லாம ஒண்ணும் தெரியல. எட்டு, என்னய்யா எழுதியிருக்கு?"

"அமைதின்னு எழுதியிருக்குய்யா!"

"என்னது?"

"அ... மை... தி!"

சமாதானம் செய்ய வந்த பேராசிரியை, சக்கரத்திலிருந்து தரையில் வழிந்திருந்த எண்ணெயில் கால் வைத்தார். அப்படியே வழுக்கி, வண்டியின் கீழ்த்தட்டில் உட்கார்ந்த வாக்கில், வார்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே மூச்சில் கத்திக்கொண்டே போனார்.

வண்டி மட்டும் சத்தமே போடவில்லை.

மூன்று மணிக்குப் பெட்டி காட்டிய எண்ணைப் பார்த்து நர்ஸின் கண் கலங்கியது. முழங்காலில் கட்டோடு பேராசிரியை தட்டிக்கொடுத்தார்.

"அழாதம்மா. விபத்துன்னு சொல்லி இந்த ஒரு நாளைத் தள்ளிடலாம். மீதி இருபத்தொன்பதும் தங்கமாச்சே! பேனா குடு."

நர்ஸுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பேனாவை நீட்டினார். அதற்குள் கையில் ஒரு போர்வையோடு ஆயா ஓடிவந்தார்.

"தப்பு என் மேலதான் சிஸ்டர்! தினமும் ரெண்டு மணிக்கு அந்தக் கத்துற பெட்டியை இந்தப் போர்வையில சுத்தி அலமாரியில பூட்டிட்டு, மூணு மணிக்குத்தான் வெளிய எடுப்பேன். இன்னைக்கு நீங்க பக்கத்துலயே நின்னீங்களா, கை வைக்கத் தயங்கிட்டேன்!"