சுவரில் மாட்டிய சைக்கிள்

சைக்கிளைப் பற்றி ஊருக்கே வகுப்பெடுக்கும் எதிர்வீட்டு ஆராய்ச்சியாளருக்கு சைக்கிள் ஓட்டவே தெரியாதாம். தெருவில் இப்படியொரு வதந்தி. வதந்தியை விசாரிக்காமல் பரப்புவது தப்பு. விசாரித்துவிட்டுப் பரப்ப வேண்டும். போனேன்.

வாசகரே, இந்த இனத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சைக்கிள் பாதை பற்றிய கூட்டத்துக்குக் காரில் வந்து, நிழலாக இருக்கிறதே என்று சைக்கிள் ஸ்டாண்டிலேயே அதை நிறுத்தி, ஏசியைக் கூட்டச் சொல்லி, வியர்வையின் மகிமையை முக்கால் மணி நேரம் முழங்கி, கைதட்டல் அடங்குவதற்குள் அடுத்த கூட்டத்துக்குக் காரைக் கிளப்புகிறவர். பாதசாரிகளை நினைத்தால் கண் கலங்குவார். எதிரே வந்தால் ஹாரன் அடிப்பார்.

இவரிடமும் ஒரு சைக்கிள் உண்டு. கூடத்துச் சுவரில், கொக்கியில், குட்டி விளக்கு வெளிச்சத்தில் தொங்குகிறது.

நான் போனபோது, நர்ஸாக இருக்கும் அவர் மனைவி சீருடையில் அதன் கீழே நின்றிருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ் எப்போது வரும் என்று அந்த பஸ்ஸுக்கே தெரியாது. இன்னொரு தடவை தாமதமானால் குழந்தைகள் வார்டிலிருந்து தூக்கிவிடுவேன் என்று தலைமை நர்ஸ் சொல்லியாயிற்று. அந்த வார்டுக்காக வருஷக்கணக்கில் காத்திருந்தவர் அவர்.

"ஏங்க, அதை இறக்கிக் குடுங்க. நானே ஓட்டிட்டுப் போறேன்."

"இறக்கினா சுவர்ல ஓட்டை தெரியும்மா. கார்ல விட்டுடறேன், வா."

"போன வாரமும் இதே கதைதான். பாதி வழியில இறக்கி விட்டுட்டுப் போனீங்க."

"அது பெண்களோட பயணச் சிரமம் பத்தின அவசரக் கூட்டம்மா!"

சாவியைச் சுழற்றிக்கொண்டு கேட்டைத் திறந்தார். வாசல் நெடுகப் பள்ளம். சைக்கிள் பாதை போட விடியற்காலையில் தோண்டியிருந்தார்கள். யார் சிபாரிசு? சாட்சாத் இவருடையதே!

"வந்ததும் சொல்லக் கூடாதா சார்?" என்று என்மேல் பாய்ந்தார். நானே ஒற்றைப் பலகைமேல்தான் தாண்டி வந்திருந்தேன். முன்கூட்டிச் சொல்லியிருந்தால் அந்த முகத்தைப் பார்த்திருக்க முடியுமா?

சைக்கிள் இறங்கியது. சக்கரத்தில் காற்றில்லை. ஓடிப்போய் என் பம்பை எடுத்து வந்தேன். மனைவி காற்றடித்தார், கணவர் காற்றின் தத்துவத்தை விளக்கினார்.

"கேரியர்ல உக்காருங்க. முதல்ல ஆஸ்பத்திரி, அப்புறம்தான் உங்க கூட்டம்."

கணவர் மடியில் லேப்டாப், கக்கத்தில் என் பம்ப். புறப்பட்டார்கள். நான் பின்னாலேயே ஓடினேன். விசாரணை என்றால் சும்மாவா?

"பள்ளம் பாத்துப் போம்மா!"

"நெளியாதீங்க! உங்க அறிக்கையில இந்தப் பள்ளமெல்லாம் இல்லையா?"

டூட்டி மணியடிக்குமுன் ஆஸ்பத்திரி வந்துவிட்டது. "நீங்க ஓட்டிட்டுப் போங்க. சாயங்காலம் வண்டியை இங்க கொண்டுவந்து விட்டுடுங்க" என்று மனைவி உள்ளே ஓடினார். கணவர் சைக்கிளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு தள்ளிக்கொண்டு நடந்தார்.

வதந்தி உறுதி!

வியர்வையில் குளித்து, சைக்கிளும் கையுமாக அவர் நுழைந்ததும் அரங்கமே எழுந்து நின்றது. "சொன்னதைச் செய்கிறவர்!" சைக்கிளுக்கு மாலை போட்டு மேடையேற்றி, நிரந்தரக் காட்சிப்பொருள் என்று அறிவித்தார்கள். அவர் மறுக்கவில்லை. சாயங்காலத்தையும் மறந்தார்.

மனைவி மறக்கவில்லை. வேலை முடிந்து நேராக அரங்கத்துக்கு நடந்தார். மாலையைக் கழற்றிக் கூட்டத் தலைவர் கையில் கொடுத்தார்.

"அம்மா, அது காட்சிப்பொருள்!"

"இல்லைங்க, சைக்கிள்" என்று ஏறி மிதித்தார்.

இப்போது தினமும் அதில்தான் போகிறார். வார்டும் பத்திரம். கொக்கியில் கார் சாவி தொங்குகிறது, அதே குட்டி விளக்கு வெளிச்சத்தில். பள்ளத்தை இன்னும் மூடவில்லை.

என் பம்ப் மட்டும் திரும்பவில்லை. காட்சிக்கு ஏதாவது வேண்டுமே என்று அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்களாம். நானும் கறாராகக் கேட்கவில்லை. பம்ப் வந்துவிட்டால், பால்கனியில் துண்டு காயப்போட்டிருக்கும் என் சைக்கிளுக்குக் காற்றடிக்க வேண்டியிருக்கும்.

சிரிக்கிறீர்களா? உங்கள் பால்கனியில் என்ன காய்கிறது? எதன்மேல்?

உங்களுக்கும் காற்றடிக்க பம்ப் வேண்டுமென்றால், அது என்னிடம் இல்லை.