அன்னம் கண் சிமிட்டியதா என்னும் பெரும்போர்

நாற்பத்தெட்டு ஆண்டுகளாக இப்பூவுலகில் உலவுபவனும், பதினான்கு மாடிக் கட்டடங்களின் இருண்ட குழிகளுக்குள் கிரீஸ் படிந்த கையோடு இறங்கி, நடுவழியில் சிக்கிய மாந்தரை மீட்டு மேலேற்றுபவனும், ஆயினும் அவ்வீரச் செயல்களில் ஒன்றையும் பெரிதாக எண்ணாது, வீடியோ கேசட்டும் தொலைக்காட்சி நிகழ்ச்சியும் தொடங்குமுன் ஆறேழு நொடி ஒளிர்ந்து மறையும் கம்பெனிச் சின்னங்களை மறவாதிருப்பதே பிறவிப் பயன் என்று கொண்டவனுமாகிய லிஃப்ட் மெக்கானிக்கின் திறம் பாடுவோம். ரிமோட்டின் பட்டன்களுக்கடியில் பொடிப்பொடியாய்ப் படிந்திருக்கும் தேவதையே, இக்கதை முடியும்வரை எம் நாடா சிக்காதிருக்க அருள்வாயாக.

அந்த மாவீரன் தனியன் அல்லன். ‘முதல் ஏழு நொடி’ என்னும் பெயரில் கைப்பேசிக்குள் பாசறை அமைத்து, அவனையும் சேர்த்து இருநூற்றுப் பதினான்கு வீரர்கள் இருந்தனர். வழுக்கையைத் தலைக்கவசமாகவும் தொந்தியை மார்புக்கவசமாகவும் தரித்த அவர்கள், சுழலும் பூகோளம், உறுமும் புலி, வெடித்துச் சிதறி எழுத்தாகும் நட்சத்திரம் எனப் பால்யத்தின் சின்னங்களை நினைந்து நினைந்து உருகுவர். சின்னத்துக்குப் பின் ஓடிய படம் எது, பக்கத்தில் அமர்ந்து பார்த்தவர் யார் என்று கேட்டால் மட்டும் ஒருவருக்கும் நினைவிராது.

ஒரு செவ்வாய்க்கிழமை, உணவு இடைவேளையில் போர் மூண்டது. ஊர்க் கல்யாணங்களையெல்லாம் படம் பிடித்துப் பின் மூடப்பட்டுப்போன ‘அன்னம் வீடியோ’ கம்பெனியின் சின்னமே காரணம். நீலத் தடாகத்தில் வெள்ளி அன்னம் இடமிருந்து நீந்தி வரும், எக்காளம் ஒலிக்கும், சிறகு விரியும். சிறகு விரியுமுன் அது ஒருமுறை கண் சிமிட்டும் என்றார் குழுவிலிருந்த ஒரு பல் டாக்டர். பிறர் வாயைத் திறக்கவைத்தே பழகிய அவர், தம் வாயை மூடியறியாதவர். அன்னம் சிமிட்டாது என்று முழங்கினான் நம் வீரன். ‘ஞாபகம் வேற, ஆதாரம் வேற’ என்று எழுதினார் டாக்டர். அச்சொல்லம்பு, பாதி தின்ற ரொட்டியோடு மிஷின் அறையில் அமர்ந்திருந்த வீரனின் நெஞ்சில் பாய்ந்தது. ரொட்டியை வைத்தான். கை துடைத்தான். உலகோர் கேட்கச் சூளுரைத்தான்: “ஞாயிற்றுக்கிழமைக்குள் ஆதாரத்தோடு வருவேன், இல்லையேல் இக்குழுவை விட்டு நீங்குவேன்.”

ஆதாரம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது: இருபத்து நான்கு ஆண்டுகளுக்கு முன் அன்னம் வீடியோ எடுத்த, அவன் தங்கையின் கல்யாணக் கேசட். தங்கை வீடு ஒரே பஸ்ஸில் முக்கால் மணி நேரம். ஆனால் அண்ணனுக்கும் தங்கைக்கும் நடுவே, சண்டை என்று சொல்லவும் முடியாத, சமாதானம் என்று சொல்லவும் முடியாத ஒரு குளிர் பல்லாண்டாகக் கவிந்திருந்தது. போன் செய்தால் எடுப்பாள், “நல்லாருக்கேன்” என்பாள், வைப்பாள். ஏன் என்று அவன் ஆராய்ந்ததில்லை. ஆராய்ச்சிக்கு வேறு பொருள்கள் இருந்தன.

ஞாயிறு புலர்ந்தது. தன் கையாலேயே பழுது பார்த்து உயிர் கொடுத்த கேசட் பிளேயரைத் துவாலையில் சுற்றி, பட்டத்து இளவரசனை ஏந்துவதுபோல் மார்போடு ஏந்திப் புறப்பட்ட கணவனை வாயிலில் மறித்தாள் மனைவி.

“தங்கச்சி வீட்டுக்கு அன்னத்தப் பாக்கப் போறீங்க. அப்படியே தங்கச்சியையும் கொஞ்சம் பாத்துட்டு வாங்க.”

வீரன் அதைக் கேட்டிலன். ஜன்னலோர இருக்கையில் கேசட் பிளேயரை அமர்த்தித் தான் நின்றபடியே சென்றான்.

கதவு திறந்த தங்கை ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அண்ணனைப் பார்த்தாள், துவாலை மூட்டையைப் பார்த்தாள். வந்த காரியத்தை அவன் சொல்லி முடிக்கும்வரை கதவிலிருந்து கையெடுக்கவில்லை. பிறகு அலமாரியின் மேல்தட்டிலிருந்து கேசட்டை எடுத்து வந்தாள். சிவப்பு, வெள்ளை, மஞ்சள் என்னும் முக்கம்பிகளைப் புதுத் தொலைக்காட்சியின் முதுகில் செருக அரைமணி நேரம் கடும் சமர் நிகழ்ந்தது. மாப்பிள்ளை டார்ச் பிடித்து உதவினார். உதவியபின் சோபாவில் சாய்ந்து, முதற்பலியாக உறக்கத்தில் வீழ்ந்தார். அண்ணன் திரைக்கு இரண்டடி தள்ளித் தரையில் சம்மணமிட்டான். தங்கை நாற்காலியில் அமர்ந்தாள்.

நாடா சுழன்றது. தடாகம் வரவில்லை; அன்னம் வரவில்லை. மாறாக, மறைந்துபோன சேனல்களின் சின்னங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படை திரண்டு வந்தன. வீரன் மெய்சிலிர்த்தான்.

“ஐயோ, இது அந்த மழை லோகோ. மூணே வாரம்தான் போட்டான். யார்கிட்டயும் கிடையாது. இது எப்படி இதுல வந்துச்சு?”

“நீதான் பதிஞ்ச,” என்றாள் தங்கை. “கல்யாணம் ஆன மறுவருஷம் கேசட்ட வாங்கிட்டுப் போனியே. அப்பதான்.”

அவனுக்கு நினைவு வந்தது. சேனல் புதுச் சின்னத்துக்கு மாறும் நாள். வீட்டில் வெற்றுக் கேசட் இல்லை. கல்யாணக் கேசட்டின் தொடக்கத்தில் எல்லாரும் கிளம்பிக்கொண்டுதானே இருப்பார்கள், போனால் என்ன என்று எண்ணியிருந்தான்.

“நீ அழிச்ச இந்தப் பதினோரு நிமிஷத்துலதான் அம்மா இருந்தாங்க,” என்றாள் தங்கை. குரல் உயரவில்லை. “எனக்குத் தலை பின்னிக்கிட்டே பேசுவாங்க. நீ கேசட்ட வாங்கிட்டுப் போனப்ப அம்மா போயி ரெண்டு மாசம். அவங்க குரல் வேற எதுலயும் இல்ல.”

கேடயம் உடைந்தது, வாள் ஒடிந்தது, தேர்ச்சக்கரம் சேற்றில் புதைந்தது, மழை லோகோ மட்டும் திரையில் மூன்றாம் முறையாகப் பொழிந்துகொண்டிருந்தது.

“ஏன் சொல்லல?” என்றான் அவன்.

“சொன்னா என்ன பண்ணியிருப்ப? அந்த லோகோ எத்தன நொடின்னு சொல்லியிருப்ப.”

அவன் எழுந்து நிறுத்தும் பட்டனை நோக்கிக் கை நீட்டினான்.

“நிறுத்தாத. உன் அன்னம் கடைசியிலயும் ஒருதடவ வரும். முழுசா உக்காந்து பாரு. ஓட்டக் கூடாது.”

ஓட்டாது ஒரு கல்யாண வீடியோவை முழுமையாகக் கண்டவர் இப்பாரில் உளரோ? எழுபது பேர் உண்பதைக் கண்டான். முன்பின் அறியாத சித்தப்பாமார் வரிசையாக வந்து மணமக்களுக்கு நடுவே நின்று விறைப்பதைக் கண்டான். இருபத்து நான்கு வயதுத் தன்னையே கண்டான். எக்காட்சியிலும் தங்கையை நோக்காது, கேமராவையே வாய்பிளந்து நோக்கி நின்ற அவ்விளைஞனைக் கண்டு அவனுக்கே எரிச்சல் வந்தது. இரண்டே முக்கால் மணி நேரம் கழிந்தபின், கூட்டத்துக்கிடையே ஒரு வாடாமல்லிச் சேலை ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, முதுகு காட்டிக் கடந்து போயிற்று. நான்கு நொடி. எந்தக் கம்பெனிச் சின்னத்தையும்விடக் குறைவு.

“அம்மா,” என்றாள் தங்கை. அதற்குள், அந்தோ, தடாகம் விரிந்தது. வெள்ளி அன்னம் நீந்தி வந்தது. எக்காளம் முழங்கியது. இருநூற்றுப் பதின்மூன்று வீரர்கள் காத்திருந்த அக்கணத்தில் சிறகு விரிந்தது, பெயர் விழுந்தது, திரை கறுத்தது.

“சிமிட்டுச்சா?” என்றாள் தங்கை.

“தெரியல. நான் சிமிட்டிட்டேன்.”

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு வந்தது, அடக்கப் பார்த்து முடியாமல் விட்டுவிட்டாள். பின்னோக்கி ஓட்டும் பட்டனை அழுத்தினாள். அன்னம் பின்புறமாக நீந்தி மறைந்தது.

“இன்னும் பின்னாடி போ. நாற்காலிக்குப் போ,” என்றான்.

நான்கு நொடியை ஒன்பது முறை பார்த்தார்கள். ஏழு நொடியை ஏழாயிரம் துண்டாக அறுத்துப் பழகிய அக்கண்கள் முதன்முறையாக ஒரு வேலைக்கு உதவின.

“இங்க நிறுத்து. முகம் திரும்புது பாரு.”

திரும்பியது. ஒரு காது, ஒரு கன்னம், பாதி திறந்த வாய்; குரலை மட்டும் மேளச் சத்தம் விழுங்கியிருந்தது.

“என்னமோ சொல்றாங்க,” என்று தங்கை கீழே இறங்கி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். இன்னொரு முறை ஓட்டினாள். “‘நகருடா’ன்னு சொல்றாங்க.”

“யார?”

திரையின் ஓரத்தில் கேமராவை மறைத்துக்கொண்டு நீட்டியிருந்த ஒரு முழங்கையை அவள் விரலால் தொட்டுக் காட்டினாள். “இது யாரோடது?”

அது வீரனுடையது. வீரன் தலைகுனிந்து, “மன்னிச்சிரு,” என்றான். தங்கை நாடாவை மறுபடி பின்னுக்கு ஓட்டினாள்.

மாலையில், திசையெட்டும் கேட்க அவன் பாசறையில் பிரகடனம் செய்தான்: “அன்னம் வந்தது. நான் கண் சிமிட்டிவிட்டேன். ஆகவே எனக்குத் தெரியாது. விடைபெறுகிறேன்.” ஆனால் சேனை அதற்குள் வேறொரு கம்பெனியின் மின்னலுக்கு இடி ஒன்றா இரண்டா என்னும் புதுப்போரில் குதித்திருந்தது; பல் டாக்டரே முன்னணியில் நின்றார்; பிரகடனத்தைப் படித்தோர் ஒருவரும் இலர். சூளுரை காத்த செம்மல், வென்றோனும் ஆகாது தோற்றோனும் ஆகாது, இருநூற்றுப் பதின்மூவரைத் துறந்து, தங்கை கொடுத்த காப்பியைக் குடித்து, எழுந்து நின்றான். அல்லது நிற்க முயன்றான்.

மூன்று மணி நேரம் தரையில் உட்கார்ந்திருந்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டதால், மறுநாள் லீவு போட்டான்.