மின்விசிறியைக் குறைக்கப் போய்த் தலைவரானேன்

மதிப்பும் பாசமும் நிறைந்த அக்காவுக்கு,

தம்பி பணிவுடன் எழுதுவது. நீயும் அத்தானும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள். இருந்தே ஆக வேண்டும், எனக்கு வேறு போக்கிடம் இல்லை. நான் சுகமாக இல்லை. என்னைத் தலைவராக்கிவிட்டார்கள்.

எங்கள் பல்கலைக்கழகத்தில் பன்முகத்தன்மைக் குழு என்று ஒன்றைப் புதிதாக அமைத்திருக்கிறார்கள். பெண்கள், மாற்றுத்திறனாளிகள், வேறு மொழி பேசுகிறவர்கள், வேறு ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் இங்கே சரியான இடம் கிடைக்கிறதா என்று பார்ப்பது அதன் வேலை. முதல் கூட்டத்தில், யார் தலைமை ஏற்கிறீர்கள் என்று பதிவாளர் கேட்டதும் எல்லோரும் மேசையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். எனக்கு ஏற்கெனவே சளி, தலைக்கு மேலே மின்விசிறி பேய் மாதிரி சுற்றுகிறது, அதைக் குறைக்கலாமென்று எழுந்தேன். அவ்வளவுதான், கைதட்டிவிட்டார்கள். "நீங்களாவே முன்வந்தது ரொம்பப் பெருமையா இருக்கு சார்" என்றார் பதிவாளர். மறுக்க வாயெடுத்தேன், இருமல்தான் வந்தது. உனக்குத்தான் என்னைத் தெரியுமே.

பிறகுதான் குழுவை நன்றாகப் பார்த்தேன். பதிவாளர் பழைய வேதியியல்காரர், அவசரத்துக்குத் தன் சகாக்களையே பிடித்துப் போட்டிருக்கிறார். என்னையும் சேர்த்து ஆறு பேரும் ஆண்கள், ஆறு பேரும் ஒரே துறை, ஆறு பேருக்கும் வழுக்கை. ஒருவர் மட்டும் இடது கையால் எழுதுவார். யாராவது கேட்டால் அவரைக் காட்டிவிடலாம் என்று பக்கத்து நாற்காலிக்காரர் எனக்குத் தைரியம் சொன்னார்.

நேற்று நூலகர் அம்மா என் அறை வாசலில் வந்து நின்றார். குரலை உயர்த்தாமல் பேசுகிறவர், அதனாலேயே எனக்கு அவரிடம் பயம். "திங்கக்கிழமை மாணவர் கூட்டத்துல, இந்தக் குழுவுல நாங்க எங்கன்னு கேக்கப்போறேன். தலைவர் நீங்கதான் பதில் சொல்லணும்" என்றார். பதில் எனக்குத் தெரியும் அக்கா, எங்குமே இல்லை. அதை மேடையில் சொன்னால் பதிவாளர் என்னைச் சும்மா விடமாட்டார், சொல்லாவிட்டால் மாணவர்கள் விடமாட்டார்கள். சாப்பாடு இறங்கவில்லை. கண்ணை மூடினால் அரங்கம் முழுக்கக் கை தூக்குகிறார்கள். யாராவது கதவைத் தட்டினால் கட்டிலுக்கு அடியில் இடம் இருக்கிறதா என்று குனிந்து பார்க்கிறேன். "குனிஞ்சது குனிஞ்சீங்க, அப்படியே பெருக்கிடுங்க" என்கிறாள் உன் தம்பி பெண்டாட்டி. இந்த வீட்டில் என் உயிருக்கு இருக்கும் மதிப்பு இவ்வளவுதான்.

ஆகவே உன் காலில் விழுந்து கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமையே பதிவாளருக்குப் போன் செய்து, உனக்கு உடம்பு முடியவில்லை, தம்பி உடனே வந்தாக வேண்டும் என்று சொல்லிவிடு. கொஞ்சம் முனகிக்கொண்டே சொன்னால் நல்லது. தலைமையை யார் கேட்டாலும் கொடுத்துவிட்டு ஓடி வந்துவிடுகிறேன்.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசி. எந்தக் குழுவிலும் மாட்டாமல் அவர்கள் நூறாண்டு வாழட்டும்.

இப்படிக்கு,
உன் தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் நூலகர் அம்மா மறுபடி வந்தார். "உங்களுக்குப் பயமா இருந்தா தலைமைய நான் ஏத்துக்கிறேன் சார், நீங்க உறுப்பினரா இருங்க" என்றார். எனக்கு உயிர் வந்திருக்க வேண்டும். ஆனால் அக்கா, இப்போதெல்லாம் குழுக் கூட்டத்தில் நான் தொண்டையைச் செருமினாலே ஐந்து பேர் பேச்சை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்க்கிறார்கள். நம் வீட்டில் இது ஒருநாளும் நடந்ததில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று அவரை அனுப்பிவிட்டேன். இப்போது பயம் இரண்டு மடங்காகிவிட்டது, பதவி போய்விடுமோ என்று. தயவுசெய்து போன் செய்யாதே.