சின்ன டாக்டர் மாற்றிய கணினிகள்

நாயின் முதுகெலும்பைக் காட்ட வேண்டிய கணினி, பனிமலை ஒன்றைக் காட்டிக்கொண்டிருந்தது.

"சின்ன டாக்டர், எலும்பு எங்க?" என்று கேட்டார் எக்ஸ்ரே எடுப்பவர்.

"அது வால்பேப்பர்ண்ணே. கொஞ்சம் பொறுங்க."

சின்ன டாக்டர், டாக்டர் இல்லை. அந்தக் கால்நடை கிளினிக்கை நடத்தும் டாக்டரின் தம்பி, அலுவலக மேனேஜர். இதற்கு முன் பார்த்த வேலை எதுவும் அவனிடம் நிலைக்கவில்லை. இது அக்காவாகப் பார்த்துக் கொடுத்தது.

போன வாரம் அக்கா ஒரு மருத்துவர் கூட்டத்திலிருந்து முகம் வெளிறித் திரும்பினாள். எங்கேயோ ஒரு கிளினிக்கில் திருட்டு சாஃப்ட்வேர் இருந்ததாம். அதிகாரிகள் வந்து கணினிகளை அள்ளிக்கொண்டு போனார்களாம்.

"நம்மகிட்ட இருக்கிறது என்னடா?"

"தெரியலக்கா. நீ இந்த கிளினிக்கை வாங்கினப்பவே உள்ள இருந்ததுதானே?"

"யாருக்கும் தெரியலன்னா திருட்டுதான். ஓப்பன் சோர்ஸ்னு ஒண்ணு இருக்காமே, யார் வேணும்னாலும் இலவசமா போட்டுக்கலாமாம். அதுல நல்லதா ஒண்ணு பாத்து எல்லாத்துலயும் போட்டுடு."

'நல்லதா ஒண்ணு' என்பதில்தான் வில்லங்கம். மூன்று நண்பர்களைக் கேட்டான். மூவரும் மூன்று இயங்குதளங்களைச் சொல்லி, மற்ற இரண்டும் குப்பை என்று சத்தியம் செய்தார்கள். இருப்பதிலேயே அழகான படம் இருந்ததால், முதல் நண்பன் சொன்னதை அவன் தேர்ந்தெடுத்துப் போட்டான். அதுதான் இந்தப் பனிமலை.

எக்ஸ்ரே அறைக்கு மட்டும் இரண்டாம் நண்பன் சொன்னதைப் போட்டான். எலும்பு வந்தது. ஆனால் அந்த அறையை விட்டு வெளியே வரவில்லை. வரவேற்பறைக் கணினிக்கு அனுப்பினால், இப்படி ஒரு கோப்பையே பார்த்ததில்லை என்று அது சாதித்தது.

வரவேற்பறையிலும் மருந்தகத்திலும் மூன்றாம் நண்பன் சொன்னதைப் போட்டான். கோப்பு திறந்தது. பிரிண்டர் கோபித்துக்கொண்டது.

மருந்தகத்துப் பெண் ஒரு லேபிளைக் கொண்டுவந்து நீட்டினாள். அதில் கட்டங்களும் கேள்விக்குறிகளும்தான் இருந்தன.

"இந்தக் கிளிக்கு எத்தனை சொட்டு மருந்து, சின்ன டாக்டர்? கேள்விக்குறி சொட்டு குடுக்கட்டுமா?"

"கையால எழுதிக் குடுத்துடுங்களேன்."

"உங்க அக்கா கையெழுத்தைப் படிக்க முடியாமத்தானே கம்ப்யூட்டரே வந்தது!"

அக்காவின் அறைக் கணினியில் மட்டும் அவன் இன்னும் கைவைக்கவில்லை, பயம். அதில் எலும்பும் தெரிந்தது, லேபிளும் வந்தது. கொஞ்ச நேரத்தில் கிளினிக் மொத்தமும் அந்த அறைக்குள் வந்து நின்றது. எக்ஸ்ரே எடுப்பவர் நாயோடு வந்தார், மருந்தகத்துப் பெண் கிளிக்கூண்டோடு வந்தாள். ஊசி போட்டுக்கொள்ள மேஜைமேல் படுத்திருந்த பூனை நாயைப் பார்த்தது. அடுத்த கணம் திரைச்சீலையின் உச்சியில் இருந்தது.

அக்கா ஊசியை வைத்துவிட்டுத் தம்பியைப் பார்த்தாள்.

"உன்னை நம்பினேன் பாரு."

அவள் கத்தியிருந்தால் தேவலை. அவன் ஸ்டூலில் ஏறிப் பூனையை இறக்கினான். கை முழுக்கக் கீறல். 'இந்த வேலையும் போச்சு' என்று நினைத்துக்கொண்டான்.

மறுநாள் காலை கம்ப்யூட்டர் கடைக்கார அம்மாவை அக்காவே வரவழைத்தாள்.

"இலவச சகவாசமே வேண்டாங்க. என் ரூம்ல இருக்கு பாருங்க, எல்லாத்துலயும் அதையே போட்டுடுங்க. காசு குடுத்து முறையா வாங்கிக்கிறோம்."

கடைக்கார அம்மா உட்கார்ந்து இரண்டு பொத்தான்களைத் தட்டினார். திரையைப் பார்த்தார். பிறகு அக்காவையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதுக்கு எதுக்கு டாக்டர் காசு? பழைய டாக்டர் கேட்டாருன்னு எல்லா கம்ப்யூட்டர்லயும் நான் போட்டுக் குடுத்த ஓப்பன் சோர்ஸ்தானே இது!"