தாழாத வட்டில்

"கண் சிரட்டையை அடுப்புக்குள்ளை எறிஞ்சு போடாதை, பிள்ளை. உப்புப் போட்டு வைக்க உதவும்."

செல்வநாயகி தன் இளைய மகள் பூரணத்திடம் சொன்ன கடைசிச் சாதாரண வார்த்தை இதுதான். கண் திறந்த பாதித் தேங்காய்ச் சிரட்டையில் கல்லுப்பை இட்டு அடுப்புக்கு மேலே தொங்கவிட்டால், கசிகிற உப்புநீர் அந்தக் கண்ணால் சொட்டுச் சொட்டாக வடிந்துவிடும். உப்பு உலர்ந்தே இருக்கும். பூரணம் சிரட்டையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். அதன் பிறகு அன்று அந்த வீட்டில் யாரும் சாதாரணமாகப் பேசவில்லை. மூத்தவள் அருமைநாயகிக்குக் கலியாணம். பேச்செல்லாம் விசுவலிங்கச் சாத்திரியார் வகுத்துக் கொடுத்த நேர ஒழுங்கைப் பற்றியதுதான்.

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பதுகளின் நடுவில் யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் சாத்திரியாரை அறியாதவர்கள் இரண்டு வகையினர். தொட்டிலில் கிடந்தவர்கள் ஒரு வகை. சுடலைக்குப் போய்விட்டவர்கள் மற்ற வகை. கலியாண மாதங்களில் அவர் வீட்டு வாசல் ஒழுங்கையில் தொடங்கும் மாட்டு வண்டி வரிசை ரயில் நிலையத்தில் போய் முடியும். கொடிகாமத்திலிருந்து ரயிலேறி வருவார்கள். கொழும்புத்துறையிலிருந்து கருவாட்டுப் பொட்டலத்தோடும் வருவார்கள். சாத்திரியார் சுத்த சைவம். ஆகையால் பொட்டலத்தைத் தன் கையால் தொடமாட்டார். உள்ளே கொண்டுபோய் வைக்கச் சொல்லுவார்.

மற்றச் சாத்திரிமார் முகூர்த்தம் மட்டும் குறிப்பார்கள். இவர் கலியாண நாள் முழுவதையும் குறிப்பார். மணப்பெண் எந்தப் பக்கம் புரண்டு எழும்புவது, எந்த விரலால் பல் விளக்குவது, பலகாரச் சட்டியில் முதல் எண்ணெயை யார் ஊற்றுவது, மாப்பிள்ளை எந்தக் காலை முன்னே வைப்பது என்று எல்லாவற்றுக்கும் நேரம் உண்டு. பெண் தாயைக் கட்டிக்கொண்டு அழுவதற்குக்கூட நேரம் உண்டு: மாலையில், விளக்கு வைத்த பிறகு. அதற்கு முன் அழுதால் அபசகுனம்.

இவ்வளவுக்கும் மேலே அவரிடம் ஒரு நாழிகை வட்டில் இருந்தது. அடியில் ஊசித்துளை இட்ட சிறிய செம்புக் கிண்ணம். அண்டா நிறையத் தண்ணீர் வைத்து அதிலே மிதக்கவிட்டால், துளையால் நீர் ஏறி ஒரு நாழிகையில் தாழும். தாழ்கிற கணத்தில் தாலி கட்டவேண்டும். மற்றவர்களின் வட்டில்கள் தண்ணீருக்குக் கட்டுப்பட்டவை. சாத்திரியாரின் வட்டில் கிரகங்களுக்குக் கட்டுப்பட்டது. குடும்பத்தில் தோஷம் இருந்தால் அது தாழாது, மிதந்துகொண்டே நிற்கும். பரிகாரம் செய்ததும் தாழும். இதை ஊர் முழுக்கக் கண்ணால் கண்டிருந்தது. கண்ணால் கண்ட பிறகு யோசிப்பது மரியாதையில்லை என்று ஊர் விட்டுவிட்டது.

அன்றும் சாத்திரியார் வட்டிலின் உள்ளே கட்டியாக ஒரு சந்தனப் பொட்டு வைத்து, கண்ணை மூடி, தண்ணீரில் விட்டார். மேளம் முழங்கியது. வட்டில் மிதந்தது. மேளகாரர் இளைப்பாறினார்கள். வட்டில் இளைப்பாறவில்லை, மிதந்தது.

"இளையதம்பி, ஒரு கண்டம் நிக்குது" என்றார் சாத்திரியார், பெண்ணின் தகப்பனிடம். "தாலிக்கு வந்த கண்டம். கோதானம் குடுத்தால்தான் விலகும். உம்மடை சிவப்பி நல்ல இலட்சணமான பசுவெல்லோ?"

இளையதம்பி தலையைச் சொறிந்தார். சிவப்பி கன்று போட்டுச் சில நாட்கள்தான். அவர் சொறிந்துகொண்டு இருந்தபோது செல்வநாயகி தாழ்வாரத் தூணோடு சாய்ந்து கீழே இருந்தாள். முகம் வேர்த்திருந்தது. இடது கையை மடியில் போட்டு மற்றக் கையால் பிசைந்துகொண்டிருந்தாள்.

பூரணம் ஓடிப்போனாள். "என்னம்மா செய்யுது?"

"நெஞ்சுக்கை ஏதோ அடைக்குது. கத்தாதை. சனம் பாக்கும்."

வாசல் படலையடியில் மாப்பிள்ளை வீட்டார் வந்த வாடகைக் கார் நின்றது. "அப்பு, அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவம்!" என்றாள் பூரணம் தகப்பனிடம்.

சாத்திரியார் கையை உயர்த்தினார். "வட்டில் தாழுமட்டும் ஒருதரும் படலை தாண்டக்கூடாது. தாண்டினால் பிள்ளையின்ரை தாலிக்கு நான் பொறுப்பில்லை."

இளையதம்பி மனைவியைப் பார்த்தார். செல்வநாயகி தலையை ஆட்டினாள். "வேண்டாமப்பா. அவளின்ரை தாலிக்கு ஒண்டும் வரக்கூடாது. உது தாழட்டும், போவம்."

"பசுவைத் தாறன், சாத்திரியார்! தாறன்!" என்றார் இளையதம்பி.

"வாயாலை தந்தால் காணாது. கயிறு கையிலை வரவேணும்."

சிவப்பி தரவையில் மேய்ந்துகொண்டிருந்தது. அதற்கு முகூர்த்தம் தெரியாது. பிடித்துவர ஆள் போகவேண்டும், போனால் படலை தாண்டவேண்டும். சாத்திரியார் சற்று யோசித்தார். பசுவுக்காகத் தாண்டுகிறவனுக்குத் தோஷம் இல்லை என்று சாத்திரத்தில் இடம் இருந்தது. ஆள் போனான். பசு மெல்ல ஆறுதலாக வந்தது. கயிறு கைக்கு வந்ததும் சாத்திரியார் மந்திரம் சொல்லித் தர்ப்பை நுனியால் வட்டிலின் உள்ளே மூன்று முறை தட்டினார். உடனே அதற்குள் நீர் ஏறத் தொடங்கியது. சனம் கையெடுத்துக் கும்பிட்டது. வட்டில் தாழ்ந்தது, அருமைநாயகிக்குத் தாலி ஏறியது.

செல்வநாயகியைக் காரில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரி வருவதற்கு முன்னமே அவள் போய்விட்டாள். அழுவதற்குக் குறித்த நேரம் அப்போது இன்னும் வந்திருக்கவில்லை.

செத்தவீட்டிலே சாத்திரியார் விளக்கம் சொன்னார். கண்டம் மருமகனுக்கு வந்ததாம். சரியான நேரத்தில் தாலி கட்டியபடியால் அது விலகித் தாயோடு போய்விட்டதாம். "தாயைக் குடுத்தெண்டாலும் தாலியைக் காப்பாத்திப்போட்டார் மனுசன்!" என்றது சனம். அடுத்த ஆவணியில் வண்டிகளின் வரிசை ரயில் நிலையத்தையும் தாண்டிப் போனது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து சில நாட்களில் பூரணம் உப்புச் சிரட்டையை இறக்கிப் பார்த்தாள். உள்ளே உப்பு நீரில் ஊறிக் கிடந்தது. யாரோ மாப் பிசைந்த கையோடு தொட்டதில் மா இறுகிக் கண்ணை அடைத்திருந்தது. அவள் ஒரு தென்னை ஈர்க்கை எடுத்து அந்தக் கண்ணில் குத்தினாள். நீர் சொட்டத் தொடங்கியது.

ஈர்க்கைக் கையில் பிடித்தபடி பூரணம் நீர் சொட்டுவதைப் பார்த்தாள். சந்தனப் பொட்டு ஞாபகம் வந்தது. தர்ப்பை நுனியும் ஞாபகம் வந்தது.

அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை. தாயில்லாப் பெட்டை துக்கத்தில் பிதற்றுகிறாள் என்பார்கள். ஊர் கண்ணால் கண்டதை ஊரின் கண்முன்னேதான் கெடுக்கவேண்டும். இரண்டு வருடம் கழித்து அவளுக்குக் கலியாணம் பேசினபோது, "சாத்திரியார் அவரையே கூப்பிடுங்கோ, அப்பு" என்றாள். தகப்பனுக்கு மெத்தச் சந்தோசம்.

மாப்பிள்ளை தம்பிராசா அச்சுவேலிப் பக்கம். அமைதியான பெடியன். அவனுக்கும் சேர்த்துக் கதைக்க ஆழ்வாப்பிள்ளை என்று ஒரு தாய்மாமன் இருந்தார். சாத்திரியாரின் பெரிய பக்தர். தன் மகளின் கலியாணத்துக்கு ஒரு சோடி எருதைப் பரிகாரமாகக் கொடுத்துவிட்டு, அந்த வருடம் புகையிலைத் தோட்டத்தைத் தானே கொத்தினவர்.

பூரணம் கூறை உடுத்து மணவறையில் இருந்தாள். சந்தனப் பொட்டு வைத்த வட்டில் அண்டாவில் மிதந்தது. மிதந்துகொண்டே நின்றது.

"தாயைக் கொண்டுபோன கண்டம் திரும்பி வந்து நிக்குது, இளையதம்பி" என்றார் சாத்திரியார். "இந்த முறை பசுவுக்கு அடங்காது. பூமிதானம் வேணும். கிணத்தோடை இருக்கிற அந்த வெங்காயத் தோட்டம்…"

அந்த வீட்டுக்கு இருந்தது அந்தத் தோட்டம் ஒன்றுதான். இளையதம்பி தாழ்வாரத் தூணைப் பார்த்தார். ஒரு முறை தலையைச் சொறிந்ததற்கு அவர் கொடுத்த விலை அவருக்குத் தெரியும். இந்த முறை சொறியவில்லை. "ஓம்" என்று சொல்ல வாயைத் திறந்தார்.

"பொறுங்கோ அப்பு" என்றாள் பூரணம். "அக்கா, அடுப்படியிலை உப்புச் சிரட்டை தொங்குது. உப்பைக் கொட்டிப்போட்டு எடுத்துக்கொண்டு வா."

மணப்பெண் கதைப்பதற்கு நேர ஒழுங்கில் இடம் இருக்கவில்லை. சனம் திகைத்தது. அருமைநாயகி கைக்குழந்தையோடு போய்ச் சிரட்டையைக் கொண்டுவந்தாள். பூரணம் எழுந்து அதை வட்டிலுக்குப் பக்கத்தில் தண்ணீரில் விட்டாள். கண்ணால் நீர் பொங்கியது. சிரட்டை கொஞ்ச நேரம் ஆடியது. பிறகு அமைதியாகத் தாழ்ந்தது.

"எங்கடை சிரட்டைக்குக் கண்டம் தெரியேல்லை" என்றாள் பூரணம்.

பெண்கள் பக்கம் ஒரு சிரிப்புக் கேட்டு அடங்கியது. சாத்திரியாரும் சிரித்தார். "பிள்ளை, சிரட்டையின்ரை ஓட்டை பெரிசு. இது மந்திரம் ஏத்தின செம்பு."

"அப்ப அந்தச் சந்தனத்தை வழிச்சுப்போட்டு ஒருக்கா மிதக்கவிடுங்கோ. மந்திரம் செம்பிலையெல்லோ இருக்கு?"

"தொடப்படாது! தொட்டால் மாப்பிள்ளைக்கு ஆகாது!"

தம்பிராசா அன்றைக்கு முதல் தடவையாக வாயைத் திறந்தான். "எனக்கு ஆகாட்டில் பரவாயில்லை. மாமா, துடையுங்கோ."

ஆழ்வாப்பிள்ளை எழுந்தார். சாத்திரியாரின் புகழைக் காப்பாற்றத்தான் எழுந்தார் என்று பிறகு சொன்னார். வட்டிலை எடுத்துச் சால்வைத் தலைப்பால் அழுத்தித் துடைத்தார். துடைத்தவர் விரலைத் தேய்த்துப் பார்த்தார், மூக்கில் வைத்து மணந்து பார்த்தார்.

"இதென்ன காணும், சந்தனமோ? தேன்மெழுகெல்லோ!"

துடைத்த வட்டிலைத் திரும்பவும் தண்ணீரில் விட்டார். எந்தக் கிரகத்தையும் கேளாமல் துளை வழியே நீர் ஊற்றுப்போலக் கிளம்பியது.

பந்தலில் இருந்தவர்கள் கழுத்தை நீட்டி அண்டாவைப் பார்த்தார்கள். பிறகு ஆழ்வாப்பிள்ளை பெரும் குரலெடுத்தார்: "என்ரை எருதுகள்!"

அந்தச் சத்தம்தான் சனத்தை எழுப்பியது. ஒருவனுக்கு ஆட்டுக்கிடாய் ஞாபகம் வந்தது. ஒருத்திக்குக் காப்புச் சோடி ஞாபகம் வந்தது. அறிவு வராத இடத்துக்கு எருது முதலில் வந்து சேர்ந்தது. எப்படியோ வந்தால் சரி.

பூரணம் சாத்திரியாருக்கு முன்னே வந்து நின்றாள். குரல் உயரவில்லை.

"அம்மா அந்தத் தூணோடை சாய்ஞ்சு இருந்ததை நீங்கள் பாத்தனீங்கள். தர்ப்பையாலை ஒருக்காத் தட்டியிருந்தால் அம்மா கார் ஏறியிருப்பா. ஏன் தட்டேல்லை?"

"கொப்பர் இளையதம்பி அப்ப பசுவைக் கையிலை தரேல்லையே" என்றார் சாத்திரியார்.

அவர் வாயிலிருந்து வந்தவற்றில் பொய்யில்லாத வார்த்தை அதுதான். அருமைநாயகி குழந்தையை இறுக்கிக்கொண்டு அழுதாள். மாலை ஆகவில்லை, ஒருவரும் தடுக்கவில்லை.

சாத்திரியார் சால்வையை எடுத்துக்கொண்டு படலையைத் தாண்டி ஓடினார். அவர் தாண்டினது இராகுகாலம் என்று கலியாணக் கிரியைக்கு வந்திருந்த ஐயர் பிறகு பஞ்சாங்கம் பார்த்துச் சொன்னார். ஆழ்வாப்பிள்ளையும் இன்னும் சிலரும் அவர் பின்னாலே போனார்கள். அவர்களும் நேரம் பார்க்கவில்லை.

"இப்ப தாலி கட்ட நல்ல நேரமோ, ஐயா?" என்று இளையதம்பி கேட்டார். பழக்கம் விடவில்லை.

ஐயர் பந்தலைச் சுற்றிப் பார்த்தார். "எல்லாரும் பசியோடை இருக்கினம். இதைவிட நல்ல நேரம் வராது."

தாலி கட்டினார்கள். சாப்பிட்டார்கள். மறுநாள் சிவப்பி கன்றோடு வீடு வந்து சேர்ந்தது. செல்வநாயகியைத் திருப்பிக் கொண்டுவர ஒரு பரிகாரமும் இருக்கவில்லை.

ஊர் திருந்திவிட்டது என்று எழுத ஆசைதான். ஆனால் அடுத்த தையிலேயே அச்சுவேலியில் மணலைக் கொட்டி நேரம் பார்க்கிற ஒருவர் வெளிப்பட்டுவிட்டார். வட்டில் பொய்யாம், மணல்தான் மெய்யாம். போகிறவர்கள் போகட்டும். ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு போகட்டும்: ஓட்டையுள்ள பாத்திரம் மிதக்கக் கண்டால் கும்பிடவேண்டாம், எடுத்துக் கவிழ்த்துப் பாருங்கள். வீட்டில் தூணோடு ஒருத்தி சாய்ந்திருந்தால் முதலில் அவளைக் காரில் ஏற்றுங்கள்.

பூரணத்தின் அடுப்புக்கு மேலே அந்தச் சிரட்டை இன்றும் தொங்குகிறது. மாரியில் உப்புக் கசியும். நீர் கண்ணால் வடிகிறது.