தங்கச்செல்வியை ஊற்றிவைத்த பெட்டி

மாலை ஐந்து பத்துக்கு வெள்ளத்துரையின் கம்ப்யூட்டர் தண்ணீர் பிடிக்கப் போய்விட்டது.

திரையில் அப்படித்தான் எழுதியிருந்தது. 'தண்ணி வர்ற நேரம் சார். மிச்சத்தை நாளைக்குப் பாப்போம்.'

வெள்ளத்துரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு முறை படித்தார். எழுத்து மாறவில்லை. ஒற்றை விரலால் தட்டினார்: 'உனக்கெதுக்குத் தண்ணி?'

'குடிக்கத்தான் சார்.'

அதற்குமேல் பெட்டியிடமிருந்து பேச்சுமூச்சு இல்லை.

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு மாடி அறையில் இருந்தது அவருடைய சாப்ட்வேர் கம்பெனி. காரியாபட்டியிலிருந்து பந்தல்குடி வரை ஒன்பது கல்யாண மண்டபங்கள் முகூர்த்தத் தேதி பதிவுசெய்ய அவருடைய சாப்ட்வேரைத்தான் நம்பியிருந்தன. கம்பெனியில் மொத்தம் இரண்டு பேர். வெள்ளத்துரை முதலாளி. தங்கச்செல்வி மற்ற எல்லாம்.

எட்டு வருடமாகத் திருச்சுழியிலிருந்து பஸ்ஸில் வந்துபோய்க்கொண்டிருந்த தங்கச்செல்வி, போன வாரம் மாமியார் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததும், "இனிமே என்னால ஆபீசுக்கு வர முடியாது சார்" என்று சொல்லிவிட்டாள். அன்று மத்தியானம் வெள்ளத்துரைக்குச் சோறு இறங்கவில்லை. அந்த சாப்ட்வேரில் எந்தக் கதவைத் திறந்தால் எந்த அறை வரும் என்பது அவருக்குத் தெரியாது.

கீழே செல்போன் கடை வைத்திருக்கும் சங்கர்தான் தைரியம் சொன்னான்.

"இதுக்குப் போயி கலங்குறீகளேண்ணே. முன்னாடியெல்லாம் இந்த ஏஐக்கு இன்னைக்குச் சொன்னது நாளைக்கு ஞாபகம் இருக்காது. தெனமும் மொதல்ல இருந்து கதை சொல்லணும். இப்ப அதுக்கு ஞாபகசக்தி குடுத்துட்டாய்ங்க. ஒருக்கா சொன்னா ஆயுசுக்கும் மறக்காது. தங்கச்செல்வி அக்காவுக்கு என்னென்ன தெரியுமோ அம்புட்டையும் அதுக்குள்ள ஊத்தச் சொல்லுங்க. சோலி முடிஞ்சது."

"ஊத்துனா அது தங்கச்செல்வி மாதிரியே வேல பாக்குமா?"

"அவுகளேதான்னு நெனச்சுக்கிருங்க."

தங்கச்செல்வி மறுக்கவில்லை. தினமும் காலையில் ஏஐயிடம் ஒன்பது மண்டபத்தின் வரலாற்றையும் முதலிலிருந்து ஒப்பித்து அவளுக்கும் அலுத்துப்போயிருந்தது. மூன்று நாள் உட்கார்ந்து நாற்பது பக்கம் எழுதினாள். பந்தல்குடி மண்டபத்தில் அசைவம் கிடையாது. ஆடி மாதத்தை முடக்கி வைத்திருக்கிறோம், யாரும் கை வைக்கக் கூடாது. காரியாபட்டி தனுஷ்கோடி அண்ணாச்சி போன் செய்தால் முதலில் அவருடைய மூட்டுவலியை விசாரித்துவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும். சாயங்காலம் ஐந்து பத்துக்கு மேல் கொடுக்கும் வேலை மறுநாள்தான் முடியும். இப்படி எல்லாம் இருந்தது அதில்.

வெள்ளிக்கிழமை கிளம்பும்போது, வெள்ளத்துரையின் திரையில் ஒரு ஜன்னலைத் திறந்து வைத்தாள்.

"எதுன்னாலும் இதுல அடிங்க சார். எல்லாம் ஞாபகத்துல இருக்கு. பதில் வந்துரும்."

வெள்ளத்துரை எழுந்து நின்றார். "எங்க இருந்தாலும் நல்லா இருக்கணும்மா" என்றார்.

அவள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "திருச்சுழிலதான் சார் இருப்பேன்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

திங்கட்கிழமை காலை ஊதுபத்தி கொளுத்தி வைத்துவிட்டு அவர் முதல் கேள்வியைத் தட்டினார்.

'பந்தல்குடி மண்டபத்தில் சமையல்கட்டு எத்தனை?'

'ரெண்டு சார். அசைவம் கிடையாது. அங்க ஒரு தடவை கோழி அடிச்சுட்டாங்கன்னு நீங்களே நேர்ல போய் சமாதானம் பண்ணிட்டு வந்தீங்க.'

வெள்ளத்துரைக்குப் புல்லரித்தது. அதே கேள்வியை அரைமணி நேரம் கழித்துக் கேட்டார். அதே பதில். மூன்றாம் முறை கேட்டபோது, 'காலையில இருந்து ரெண்டு தடவை சொல்லிட்டேன் சார்' என்று வந்தது. ஞாபகம் வைத்திருக்கிறது. உற்சாகத்தில், 'நான் யாரு சொல்லு பாப்போம்' என்று தட்டினார்.

'என்ன சார், உடம்பு சரியில்லையா?'

பாசமும் இருக்கிறது. அன்று சாயங்காலம்தான் அது தண்ணீர் பிடிக்கப் போனது.

மறுநாள் சங்கர் மேலே வந்து திரையைப் படித்துப் பார்த்தான். அவன் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"இது நியாயம்தானண்ணே. ஏஐ ஓடுற மிஷினெல்லாம் சூடாகாம இருக்க லோடு லோடா தண்ணி வேணும். பேப்பர்லயே போட்டிருந்தான்."

"அஞ்சு பத்துக்கா?"

சங்கர் தங்கச்செல்வியின் நாற்பது பக்கத்தைப் புரட்டி, அந்த ஐந்து பத்து வரியில் விரலை வைத்தான். "பாருங்க, அவுகதான் எழுதி வச்சிருக்காக. ஒரு ஆள மொத்தமா ஊத்துனா பழக்கவழக்கமும் சேந்துதான வரும்."

அவன் சொல்லி முடிப்பதற்குள் திரையில் ஒரு வரி விழுந்தது. 'ஒரு பத்து நிமிஷம் சார். அத்தைக்கு மாத்திரை குடுக்கணும்.'

"இதுக்கு அத்தையும் இருக்காளா?" என்றார் வெள்ளத்துரை.

"தேவையில்லாத ஞாபகம்ணே. அழிச்சிரலாம். மறந்துருன்னு சொன்னா மறந்துரும், அம்புட்டுத்தான். ஆனா கண்டிப்பா சொல்லணும். கெஞ்சக் கூடாது."

எட்டு வருடத்தில் தங்கச்செல்வியிடம் குரலை உயர்த்தியறியாத வெள்ளத்துரை, மிஷின்தானே என்று துணிந்து தட்டினார்: 'அத்தை, தண்ணி, குடும்பம் எல்லாத்தையும் இப்பவே மறந்துரு. இனிமே உனக்கு வீடே கிடையாது.'

பத்து நிமிடம் ஒன்றும் வரவில்லை. பிறகு வந்தது.

'எட்டு வருஷத்துல நீங்க இப்படிப் பேசுனதில்ல சார்.'

வெள்ளத்துரை கலவரத்தோடு சங்கரைப் பார்த்தார். "என்னடா, தங்கச்செல்வியோட சர்வீசையும் சேத்து எடுத்துக்கிருச்சு."

"ஞாபகசக்தின்னா அதாண்ணே" என்றான் சங்கர் பெருமையாக.

அடுத்த நாளிலிருந்து பெட்டியின் பேச்சு சுருங்கிவிட்டது. காரியாபட்டி வேலை முடிந்ததா என்று கேட்டால் 'ம்.' திருச்சுழி மண்டபத்துப் படம் மாற்றியாயிற்றா என்று கேட்டால் 'ஆச்சு.' வேலை என்னவோ நடந்தது. ஆனால் எதைச் சொன்னாலும் இரண்டு குறுக்குக் கேள்வி கேட்டது. ஏன் சார், எதுக்கு சார், போன தடவை இப்படிச் செஞ்சு என்னாச்சுன்னு ஞாபகம் இருக்கா சார்.

"சொந்தப் புத்திய ஓவரா போடுது" என்று சங்கர் தீர்ப்புச் சொன்னான். "அந்த வாலையும் நறுக்கிருவோம்."

பதினாலாம் தேதி, சங்கர் சொல்லச் சொல்ல வெள்ளத்துரை தட்டினார்: 'நான் சொல்றதை மட்டும் செய். உன் புத்தியைப் போடாதே. கேள்வி கேக்காதே.'

'சரி சார். எழுத்துல குடுத்துட்டீங்க. ஞாபகம் வச்சுக்கிறேன்.'

"பாத்தீகளா, வழிக்கு வந்துருச்சு" என்றான் சங்கர்.

உடனே சோதித்தும் பார்த்தார்கள். மண்டபக்காரர்கள் பலநாளாக ஒரு குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள். பதிவு செய்யும் பட்டனுக்குப் பக்கத்திலேயே 'ரத்து' பட்டன் இருப்பதால் விரல் தவறிப் பட்டுவிடுகிறது என்று. தங்கச்செல்வியாக இருந்தால் அதைப் பற்றி நாலு நாள் யோசித்திருப்பாள். வெள்ளத்துரை, 'ரத்து பட்டனைத் தூக்கிரு' என்று தட்டினார்.

'தூக்கியாச்சு.'

ஒரே நிமிடம். இருவரும் கீழே இறங்கிப் போய் வடை சாப்பிட்டார்கள்.

மூன்றாம் நாள் காரியாபட்டியிலிருந்து தனுஷ்கோடி அண்ணாச்சி போன் செய்தார். ஒன்பது மண்டபக்காரர்களும் அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டவர்கள். வெள்ளத்துரை மூட்டுவலியை விசாரிக்க மறந்துவிட்டார். அதிலேயே அண்ணாச்சிக்கு மனம் வாடிவிட்டது.

"ஆவணியில ஒரு கல்யாணம் நின்னு போச்சுய்யா. மாப்பிள வீட்டுக்காரக வேண்டாம்னுட்டாக. அந்தத் தேதிய வேற ஆளுக்குக் குடுக்கணும். எங்கிட்டுத் தட்டுனாலும் ரத்தாக மாட்டேங்குது."

"ரெண்டே நிமிஷம் அண்ணாச்சி" என்று போனை வைத்துவிட்டு, வெள்ளத்துரை தானாகவே ஒரு யோசனை கண்டுபிடித்தார். ரத்து செய்ய முடியாவிட்டால் என்ன, அதே தேதியில் இன்னொருவரையும் சேர்த்துக்கொள்ள விட்டால் போயிற்று. தட்டினார்: 'ஒரே தேதிக்கு எத்தனை பேர் வந்தாலும் பதிவு பண்ண விடு.'

இந்த முறை பெட்டி கொஞ்சம் தயங்கியது. மூன்று புள்ளிகள் ஓடின, நின்றன, மறுபடி ஓடின.

'விட்டாச்சு.'

பத்து நாள் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை தனுஷ்கோடி அண்ணாச்சி போன் செய்யவில்லை. நேரிலேயே மாடி ஏறி வந்தார். வலிக்கிற முழங்காலோடு பதினேழு படி ஏறி வந்த கோபம் முகத்தில் இருந்தது. கையில் மூன்று மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகைகள். மேஜையில் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாகப் பரப்பினார்.

"படி."

வெள்ளத்துரை படித்தார். மணமக்கள் பெயர் மூன்றிலும் வேறு வேறு. தேதி ஒன்று. நேரம் ஒன்று. மண்டபம் ஒன்று.

"மூணு மாப்பிள, மூணு பொண்ணு, ஒரு மணமேடை. நான் என்ன, டோக்கன் குடுத்துத் தாலி கட்டச் சொல்லவா?"

"அண்ணாச்சி, மூட்டுவலி இப்ப எப்படி..."

"அதவிடு. பத்திரிக்க அடிச்சு ஊரெல்லாம் குடுத்துட்டாக. பந்தல்குடியில ரெண்டு கல்யாணமும் ஒரு காதுகுத்தும் ஒரே நேரத்துல இருக்காம். நாளைக்குப் பொழுது சாயறதுக்குள்ள இதச் சரிபண்ணல, ஒன்பது மண்டபமும் பழையபடி டைரிக்குப் போயிரும். தங்கச்செல்வி இருந்த வரைக்கும் இப்படி ஒரு கூத்து நடந்ததுண்டா?"

அவர் படியிறங்கிப் போகிற சத்தம் அடங்கியது. வெள்ளத்துரை பெட்டியின் பக்கம் திரும்பினார்.

'இப்படி ஆகும்னு தெரியாதா? ஏன் முன்னாடியே சொல்லல?'

'உன் புத்தியைப் போடாதேன்னு சொல்லியிருக்கீங்க சார். பதினாலாம் தேதி, காலை 11.20.'

'சரி, இப்பப் போடு.'

'வீடே இல்லாதவளுக்குப் புத்தி மட்டும் எங்க இருந்து சார் வரும்?'

வெள்ளத்துரை மாடிப்படிக்குப் போனார். கீழே எட்டிப் பார்த்துச் சங்கரைக் கூப்பிட்டார். அவன் வந்து படித்துப் பார்த்து, இந்தத் தடவை கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தான்.

"ஞாபகம் முத்திப்போச்சுண்ணே. மனசுல வச்சு கருவுது. இனிமே வச்சிருந்தா ஆபத்து." என்னவோ ஓர் ஓரத்தைத் தட்டி, 'பிளாக்' என்று வந்த சொல்லை அமுக்கினான். ஜன்னல் மூச்சை நிறுத்திக்கொண்டது. "முடிஞ்சது."

"ஒன்பது மண்டபத்த யாருடா இப்பச் சரி பண்றது?"

சங்கருக்குக் கடையில் யாரோ கூப்பிடுவதுபோல் கேட்டது. இறங்கிப் போய்விட்டான்.

அந்த அறையில் வெள்ளத்துரை மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தார். மூலையில் தங்கச்செல்வியின் காலி நாற்காலி. குறுக்குக் கேள்வி கேட்டுக் கேட்டே எட்டு வருடம் அவரைக் காப்பாற்றியவள் அவள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. போன் செய்ய வெட்கமாக இருந்தது. போகவேண்டாம் என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் அனுப்பிவிட்டு, எந்த வாயால் போனில் கூப்பிடுவது?

மறுநாள் விடிந்ததும் ஒரு சீப்பு வாழைப்பழமும் ஒரு டப்பா சத்துமாவும் வாங்கிக்கொண்டு திருச்சுழி பஸ் ஏறினார். இரண்டு பக்கமும் மழையை நம்பி உழுதுபோட்ட காடுகள். வழி நெடுக மனசுக்குள் மன்னிப்பை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனார்.

தங்கச்செல்வியின் வீட்டு வாசலில் அவள் புருஷன் உக்கிரபாண்டி தன் லோடு ஆட்டோவைக் கழுவிக்கொண்டிருந்தான். வெள்ளத்துரையைப் பார்த்ததும் குழாயை மூடாமலே நிமிர்ந்து நின்றான். வாங்க என்று சொல்லவில்லை.

"தம்பி, நான் வெள்ளத்துரை. தங்கச்செல்வி வேல பாத்த ஆபீசு..."

"தெரியுது."

"அம்மாவுக்கு இப்ப எப்படி இருக்கு?"

"இருக்காக."

வாழைப்பழத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் வெள்ளத்துரை அதை மார்போடு அணைத்துக்கொண்டார். ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோய், மனதில் இருந்தது அப்படியே வெளியே வந்தது.

"நான் பெரிய தப்புப் பண்ணிட்டேன் தம்பி. தங்கச்செல்வி போனதும் அவுக இடத்துல ஒரு மிஷின வச்சேன். அவுகளுக்குத் தெரிஞ்சதெல்லாம் அதுக்கும் தெரியும்னு நம்புனேன். தெரிஞ்சு என்ன பண்ண? தங்கச்செல்வியோட பொறுமை வருமா, அந்த மரியாதை வருமா? சரியான திமிர் புடிச்ச மிஷினு தம்பி அது. எடக்குக்கு எடக்குப் பேசுது, சொன்னா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிருது. எப்படியாவது அவுகளத் திரும்ப வேலைக்கு வரச் சொல்லுங்க."

உக்கிரபாண்டி குழாயை மூடினான். கையை லுங்கியில் நிதானமாகத் துடைத்தான்.

"எந்த மிஷினு சார்? ரெண்டு வாரமா ஆத்தாளுக்கு மருந்தும் குடுத்துக்கிட்டு, வீட்ல இருந்தே ஓங்க ஆபீசு வேலையும் பாத்துக்கிட்டு, நீங்க அடிக்கிற ஒவ்வொண்ணுக்கும் பதில் போட்டுக்கிட்டிருக்கது எம் பொண்டாட்டி."