கண்டக்டரின் இடது கால்

"நாற்பத்து மூணு," என்றார் கணவர், டேப்பைக் கண்ணுக்கு அருகே பிடித்துக்கொண்டு.

"நல்லாப் பாருங்க. நேத்து ஆஸ்பத்திரியில நாற்பத்தொண்ணுன்னுதானே சொன்னாங்க?"

"டேப் பொய் சொல்லாது. ஒரே ராத்திரியில ரெண்டு சென்டிமீட்டர் ஏறியிருக்கு."

கட்டிலில் இடது காலை நீட்டிப் படுத்திருந்த அவள் தலையைத் தூக்கி டேப்பை எட்டிப் பார்த்தாள்.

பதினெட்டு வருடமாக பஸ் கண்டக்டர். நெரிசலில் நின்றபடியே டிக்கெட் கொடுத்து, சில்லறை கொடுத்து, சண்டை தீர்த்து வைத்தவள். ஆறு மாதம் முன்பு இடது கால் வீங்க ஆரம்பித்து, இறங்கவே இல்லை. நிணநீர் வீக்கம் என்றார் டாக்டர். அடியோடு போகாது, சாப்பாடு, உடற்பயிற்சி, தினசரிப் பழக்கம் மூன்றையும் ஒழுங்காக வைத்துக்கொண்டால் கட்டுக்குள் இருக்கும்.

முந்தின நாள் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட் பெண் முழங்காலுக்குக் கீழே பேனாவால் ஒரு கோடு போட்டாள். "மூணு வாரத்துல இந்த இடம் முப்பத்தொன்பதுக்குக் கீழ வந்தா, பஸ்ஸுக்குப் போகலாம்னு நானே எழுதித் தரேன்."

வராவிட்டால் டிப்போவில், பயணிகள் தவறவிட்ட பொருட்களை வைக்கும் அறையில்தான் வேலை. நிரந்தரமாக. அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. முந்நூறு குடைகளும் ஒரு பல்செட்டும் இருந்தன. பதில் பேச ஒரு ஜீவன் இல்லை.

"டேப்பை இப்படிக் கொடுங்க, நானே எடுக்கறேன்," என்றாள்.

கணவருக்குச் சுருக்கென்றது. வீட்டு முன்னறையில் முப்பது வருடமாகத் தையல் கடை வைத்திருப்பவர். "அளவெடுக்கறது என் தொழில். நான் உன் பஸ்ஸுல ஏறி டிக்கெட் கிழிக்கறேனா?"

டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார். அவர் காரணம் தேடக் கிளம்பினார்.

முதலில் உப்பு மாட்டியது. "குறைக்கணும்னு சொன்னாங்க. நாம நிறுத்திடுவோம்."

அன்று மாலை காலேஜிலிருந்து வந்த மகள் ஒரு வாய் சூப் குடித்துவிட்டு நிமிர்ந்தாள். "அப்பா, இது சூப்பா, இல்ல பாத்திரம் கழுவின தண்ணியா?"

"அம்மா காலுக்காக."

"அப்ப அம்மா காலுக்கே ஊத்துங்க."

ஐந்தாம் நாள் காலை. "நாற்பத்து மூணு. அசையல."

கணவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து யோசித்தார். "இது நீர் கோத்துக்கற வியாதி. அப்போ தண்ணியைக் குறைக்கணும்."

அவள் குடிக்கும் ஜாடி தையல் மெஷினுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. மகள்தான் பிசியோதெரபிஸ்டுக்குப் போன் போட்டாள்.

"தண்ணி குடிக்கறதால இந்த வீக்கம் ஏறாதுங்க. தாராளமா குடிக்கச் சொல்லுங்க. உப்பையும் ஒரேயடியா நிறுத்த வேண்டாம், குறைச்சாப் போதும். நான் கொடுத்த காலுறையைக் காலையில போட்டுட்டு நடக்கச் சொல்லுங்க."

"சின்னப் பொண்ணு. அதுக்கு என்ன தெரியும்?" என்றார் கணவர். ஆனாலும் ஜாடி திரும்பி வந்தது. உப்பும் பாதி வந்தது.

அவள் பிசியோதெரபிஸ்ட் சொன்னபடியெல்லாம் செய்தாள். காலையில் அந்த இறுக்கமான காலுறையை மூச்சு வாங்க வாங்க மாட்டிக்கொண்டு தெருக்கோடி வரை இரண்டு நடை போனாள். டிவி பார்க்கும்போது கணுக்காலை மேலும் கீழும் ஆட்டினாள். படுக்கப் போகுமுன் காலில் கிரீம் தடவினாள். கால் லேசாகியிருப்பது போல் இருந்தது. சொன்னால் யார் கேட்கிறார்கள்?

பத்தாம் நாள் காலுறை கணுக்காலில் சுருக்கம் விழுந்து நின்றது.

"என்னங்க, இது லூசாயிடுச்சு. வீக்கம் குறைஞ்சிருக்குமோ?"

கணவர் குனிந்து இரண்டு விரலால் துணியைத் தேய்த்துப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். "மட்டமான எலாஸ்டிக். பத்து நாள் தாங்கல. கழட்டிக் கொடு, ரெண்டு பக்கமும் பிடிச்சுத் தச்சுடறேன்."

"தொட்டீங்கன்னா நான் மனுஷியா இருக்க மாட்டேன்!"

"சரி, காலைக் காட்டு."

"சீக்கிரம் எடுங்க! அழுத்தாதீங்க!" பஸ் கடைசி சீட்டுக்குக் கேட்கும் குரல்.

"சரிம்மா, சரி. வலிக்காம எடுக்கறேன்." டேப்பைப் பார்த்தார். முகம் தொங்கிப்போனது. "நாற்பத்து மூணரை."

அன்று மத்தியானமே கட்டிலின் கால்மாட்டில் செங்கல் ஏறியது. காலை உயர்த்தி வைக்க ஒரு தலையணை போதும் என்று மகள் தலையில் அடித்துக்கொண்டாள். கணவரோ இரண்டு கட்டில் கால்களுக்கும் மூன்று மூன்று செங்கல் வைத்தார். விடிவதற்குள் அவள் வழுக்கி வழுக்கி, தலை சுவரில் முட்டி, கழுத்து திரும்பாமல் எழுந்தாள். இப்போது அவள் இடப்பக்கம் பார்க்க வேண்டுமென்றால் முழு ஆளும் திரும்ப வேண்டியிருந்தது.

"எந்த ஜன்மத்துப் பகைங்க இது?"

"உனக்காகத்தானே செய்யறேன்? காலைக் காட்டு."

"இறுக்காதீங்க! உயிர் போகுது! விடுங்க!"

எதிர்வீட்டு ஜன்னல் திறந்து மூடியது.

"நாற்பத்து நாலு," என்றார் கணவர், அழாத குறையாக.

கடைசி நாள் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸில் அவள் வாயே திறக்கவில்லை. புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த கண்டக்டர் பெண் மீதிச் சில்லறையைத் தப்பாகக் கொடுத்தபோதுகூட ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கணவரை மிகவும் பயமுறுத்தியது.

"குடை ரூம் அவ்வளவு மோசமா இருக்காது," என்றார் மெதுவாக. "மழைக்காலத்துல ஆளுங்க வருவாங்க."

அவள் திரும்பி முறைத்தாள். முழு ஆளாகத் திரும்பி.

சிகிச்சை அறையில் அடுத்த நாற்காலியில், முழங்கால் வலிக்கு வந்திருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் உட்கார்ந்திருந்தார். அவர் போட்டிருந்த சட்டைக்குள் இன்னொரு தலைமையாசிரியர் தாராளமாக நுழையலாம்.

பிசியோதெரபிஸ்ட் பெண் கோட்டின் மேல் டேப்பைச் சுற்றினாள். "முப்பத்தெட்டரை."

"என்னது?"

"முப்பத்தெட்டரைங்க. ரொம்ப நல்லா இறங்கியிருக்கு."

"இருக்கவே முடியாது," என்றார் கணவர். "இன்னிக்குக் காலையில நாற்பத்து நாலு. உங்க டேப் தப்பு." பையிலிருந்து தன் டேப்பை எடுத்து அவளுடையதற்குப் பக்கத்தில் நீட்டிப் பிடித்தார். ஒரு நூலிழை வித்தியாசம் இல்லை.

கண்டக்டர் கணவரைப் பார்த்தாள். கணவர் காலைப் பார்த்தார். "நகரும்மா, நானே எடுத்துக் காட்டறேன்," என்று குனிந்தார்.

முப்பத்தெட்டரை கண்ணெதிரே பறிபோகப் போகிறது என்ற பயத்தில் அவள் போட்ட கூச்சலில் ஒரு நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "அழுத்தாதீங்க! இறுக்காதீங்க!"

"நாற்பத்து நாலு!" என்றார் கணவர்.

சீட்டு எழுதிக்கொண்டிருந்த பிசியோதெரபிஸ்டின் பேனா பாதி வார்த்தையில் நின்றது. கண்டக்டரின் கண் நிறைந்துவிட்டது.

தலைமையாசிரியர் தன் சட்டைக் கையைத் தோள்வரை தூக்கி விட்டுக்கொண்டு சொன்னார்: "நீங்க எழுதுங்கம்மா, பன்னிரண்டு வருஷமா எனக்கும் இவர்தான் சட்டை தைக்கறாரு, டேப்புக்குள்ள ரெண்டு விரலை விட்டுத்தான் அளவெடுப்பாரு, 'இறுக்காதீங்க'ன்னு நாம கத்தக் கத்த மிச்ச விரலும் ஒவ்வொண்ணா உள்ள போகும்!"